புற்றில் ஒளித்த யாண்டா

சாலை போட்ட வருஷம் சர்க்கார் எங்களையெல்லாம் காட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து சாலையோரமாக வரிசையாக உட்கார வைத்தது. காட்டு ஈ கடித்து வருகிற தூக்க நோய்க்கு அதுதான் மருந்தாம். அதுவரை ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுக்குத் தெரியாது. நடுவில் ஓர் ஓடையும் அரை நாள் காடும் இருக்கும். சாலைக்கு வந்த பிறகு ஒருத்தி தும்மினால் வரிசை முழுக்க யாருக்குச் சளி என்று விசாரித்தார்கள். நாமருசுவின் கஷ்டமும் அங்கேதான் முற்றியது. காட்டில் இருந்தவரை அவளுக்குப் பிள்ளை இல்லாதது அவள் கவலையாக இருந்தது. சாலைக்கு வந்ததும் அது ஊர்க் கவலையாகிவிட்டது. தண்ணீருக்குப் போகிறவர்கள் முதலில் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் சூவே ஆற்றங்கரைப் பெண். அப்பன் மரப்பட்டைத் துணி அடிக்கிறவன். வீட்டில் ஓயாமல் தட்டுகிற சத்தம் இருந்ததாலோ என்னவோ, இவளுக்கும் கொஞ்சம் உரக்கப் பேசித்தான் பழக்கம். பசோங்கோவுக்கு அவளைக் கொடுத்தபோது அவன் பரிசமாகக் கொடுத்த ஈட்டிகளை வைத்து அவள் தம்பிக்கு ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்பது அப்படித்தான். ஒரு குடிசையின் கம்பை உருவினால் மூன்று குடிசை சாயும். நாமருசு திரும்பிப் போனால் ஈட்டிகளும் திரும்பிப் போக வேண்டும். அப்புறம் தம்பி பெண்டாட்டி எங்கே போவாள்?

ஆனால் அவள் போக விரும்பாததற்குக் காரணம் தம்பி இல்லை. அவளுக்குப் பசோங்கோவைப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. அவன் வேட்டைக்காரன், நாயோடு பேசுவதில் பாதிகூடப் பெண்டாட்டியோடு பேசமாட்டான். கூடை முடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே இவள் கேழ்வரகு அரைத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். அவன் கேட்டானா இல்லையா என்பது மூன்றாம் நாள், அந்தக் கதையில் வந்த யாரையாவது பார்த்து அவன் சிரிக்கும்போதுதான் தெரியும்.

பசோங்கோவின் அண்ணன் ரென்சி வேறு மாதிரி. தம்பியின் பேச்சையும் சேர்த்துத் தானே பேசித் தீர்ப்பவன். தம்பி வம்சம் அழியப் போகிறது என்று சாலையில் போகிற வருகிறவனிடமெல்லாம் புலம்புவான். ஆனால் அவன் மூத்த பெண்டாட்டி நாபானி நல்லவள். வாய் கத்தி, மனசு வெண்ணெய். அவளுக்கு இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று, முன்னால் ஓடுவது இரண்டு. ஒருநாள் ஓடைக்கரையில் நாமருசு அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ஓரகத்தியின் தோளில் ஈரக்கையால் ஒன்று வைத்தாள்.

"அடியே, எனக்கு மட்டும் சும்மா வரிசையா பொறந்துச்சுன்னா நெனச்ச? நாளைக்கு விறகு பொறுக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வா. திரும்பிப் போறப்ப விறகு நான் தரேன்."

மறுநாள் அவளை மருந்துக்காரன் பாவுராவிடம் கூட்டிப்போனாள். ஓடையை ஒட்டின புதருக்குள் மானிக்காரர்கள் கூடும் மறைவிடம் இருந்தது. மானி என்கிற ரகசிய மருந்துக் கூட்டத்தைத் தெரியாதவர் இல்லை, தெரியும் என்று சொல்பவரும் இல்லை. மருந்து தின்று, வெளியே பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே போகலாம். சர்க்காருக்கு அது ஆகாது, தலைவருக்கு ஆகாது, எல்லாருக்கும் மேலாகப் புருஷன்மாருக்கு ஆகவே ஆகாது. மருந்து கையில் உள்ள பெண்டாட்டி நாளைக்கு என்ன செய்வாளோ என்று அவர்களுக்குப் பயம். பயப்பட வேண்டியவர்கள்தான் சிலர்.

பாவுரா குட்டையான, வேர்த்துக்கொண்டே இருக்கிற ஆள். அவன் பையிலிருந்து எடுத்த யாண்டாவும் கிட்டத்தட்ட அவன் ஜாடைதான். ஒரு சாண் உயரப் பொம்மை. பெரிய வயிறு, பிதுங்கின தொப்புள், பேருக்கு இரண்டு கை, தடித்த குட்டைக் கால்கள். கழுத்திலும் இடுப்பிலும் பிள்ளை பெற்றவர்கள் கட்டிய மணிகள். வேரை அரைத்து எண்ணெயில் குழைத்து அதன் உடம்பெல்லாம் பூசி, அடியில் புகை போட்டு, அதனோடு பங்காளியோடு பேசுவதுபோலப் பேசினான்.

"இவ வயித்துல ஒண்ண உக்கார வை. வச்சா உனக்கு நீல மணி. வைக்கலன்னா நாளைக்கு நீ அடுப்புல."

பிறகு அதே மரத்தில் சின்னதாக ஒன்றைச் செதுக்கி அவளிடமே கொடுத்தான். பிறை கண்டால் எண்ணெய் பூச வேண்டும், சமைத்ததில் ஒரு கிள்ளு அதன் வாயில் தடவ வேண்டும், புருஷன் கண்ணில் படக்கூடாது. நாமருசு அதைக் குதிருக்குள், கேழ்வரகுக்கு அடியில் புதைத்து வைத்தாள். எண்ணெய்க்கும் வேருக்கும் அடிக்கடி விறகு பொறுக்கப் போக வேண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் போயிற்று. வயிறு அப்படியே இருந்தது. ஆனாலும் அந்தப் பொம்மைக்கு எண்ணெய் பூசும்போது அவளுக்கு ஒரு நிம்மதி. ஊரில் அவள் வயிற்றைப் பார்த்து எதுவும் கேட்காத ஜீவன் அது ஒன்றுதான்.

அடுத்த கோடையில் ஒருநாள் ரென்சி மது குடிக்க வந்தான். நாமருசு குடிசைக்குள் மதுவை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மூத்தார் முன்னால் வந்து நிற்கும் வழக்கம் இல்லை. அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் அவன் குரலை உயர்த்தினான்.

"எத்தனை நாள்தான் பாத்துக்கிட்டு இருப்ப? கறையானைக் கேளு. இவளோட இருந்தா உனக்குப் புள்ள உண்டா இல்லையான்னு கேளு. இல்லைன்னு சொன்னா அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிரு."

பசோங்கோ மெதுவாகச் சொன்னான். "சரி, கேக்கறேன்."

எங்கள் பக்கத்தில் ஒன்று நிச்சயம் தெரிய வேண்டுமானால், தக்பா, க்போயோ என்ற இரண்டு மரத்துக் கிளைகளைக் கறையான் புற்றில் செருகி, கேள்வியைப் புற்றின் வாயில் சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் காலை தக்பாக் கிளை அரிக்கப்பட்டிருந்தால் கெடுதல். க்போயோக் கிளை அரிக்கப்பட்டிருந்தால் நல்லது. கறையானுக்கு மாமன் மச்சான் கிடையாது, வாங்கித் தின்று சாட்சி சொல்லாது. மனுஷர் சொல்வதைவிட அதை நம்பித்தான் நாங்கள் பயணம் போகிறோம், வீடு கட்டுகிறோம், பெண்டாட்டியை அனுப்புகிறோம்.

கஷ்டம் தனியாக வராது. அடுத்த நாள் பசோங்கோ, குதிரில் எலி ஓட்டை போட்டிருக்கிறது, கேழ்வரகை வாரிவிட்டு அடைக்கப் போகிறேன் என்றான். அவன் நார் உரிக்கப் போன நேரத்தில் நாமருசு குதிருக்குள் தலைகீழாக விழாத குறையாகத் துழாவி, யாண்டாவை இழுத்து மடியில் கட்டினாள். எங்கே வைப்பது? கூரையில் செருகினால் கோழி கிளறும். நாபானி வீட்டில் அத்தனை பிள்ளைகள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பசோங்கோவின் ஈசல் புற்று ஞாபகம் வந்தது. ஈசல் பறக்கும் மாதத்தில் அவன் அந்தப் புற்றைப் பெற்ற பிள்ளைபோல் காவல் காப்பான். கோடையில் அதை ஒருவரும் சீந்தமாட்டார்கள். புற்றின் பின்பக்கத்தில் ஒரு பொந்து. அதில் யாண்டாவை நிறுத்தி, ஈர மண் பூசி மூடினாள். இத்தனை மருந்தெண்ணெய் பூசின மரத்தைக் கறையான் தொடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் கேட்கப் போவது ஓடைக்கரைப் பெரிய புற்றுக் கறையானை என்றும் நினைத்துக்கொண்டாள். ரென்சி எப்போதும் அங்கேதான் கேட்பான்.

பொழுது சாயும் நேரம் பசோங்கோ கையில் இரண்டு கிளைகளோடு வந்தான். ஓடைப் பக்கம் திரும்பவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனான்.

களி கிண்டிக்கொண்டிருந்தவளுக்குத் துடுப்பு கையில் நின்றுவிட்டது. தன் புற்றுக் கறையான் தன்னிடம் பொய் சொல்லாது என்று நினைத்தானோ என்னவோ. ஈட்டி முனையால் புற்றின் முன்பக்கத்தில் துளை போட்டான், கிளைகளைச் செருகினான், முட்டி போட்டு வாயைத் துளையருகே கொண்டுபோய் வெகுநேரம் பேசினான். தன்னிடம் ஒரு மாதத்தில் பேசாத பேச்சை அவன் கறையானிடம் பேசுவதை அவள் பார்த்தாள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. களி அடிப்பிடித்தது. அவன் அதையும் வழித்துத் தின்றான்.

அன்று அவள் தூங்கவில்லை. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். இங்கே குடிபுகுந்தது யாண்டா. மருந்து இருக்கிற இடத்தில் கறையான் ஒழுங்காகப் பதில் சொல்லுமா? ஒருவேளை பொம்மை உள்ளேயிருந்து தனக்காக இரண்டு வார்த்தை பேசுமோ என்று ஒரு நப்பாசையும் வந்தது. அப்பன் வீட்டு முற்றத்தில் தான் மூட்டையோடு போய் நிற்பதும், தம்பி பெண்டாட்டி தன்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கண்ணுக்குள் வந்து வந்து போயின.

விடிந்ததும் அவன் எழுந்து போனான். போனவன் வரவில்லை. பொறுக்க முடியாமல் அவளும் போனாள்.

பசோங்கோ புற்றுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கிளைகள் இரண்டும் பட்டைகூட உரியாமல் வைத்தது வைத்தபடி இருந்தன. கறையான்கள் ஏன் வரவில்லை என்று பார்க்கப் புற்றைச் சுற்றி வந்திருக்கிறான், ஈர மண் பூச்சைக் கண்டிருக்கிறான். அவன் உள்ளங்கையில் யாண்டா மல்லாந்து கிடந்தது. தொப்புள்வரை பத்திரம். தொடைக்குக் கீழே கால் என்று ஒன்றும் இல்லை, தூள்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அது. சிறுத்தையின் முன்னால் நின்றபோதுகூட அவன் இப்படி வெளிறியதில்லை.

"எனக்கு எவனோ மருந்து வச்சிருக்கான்" என்றான். "என் புத்துலயே வச்சிருக்கான். நான் இங்கதான் கேப்பேன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். என்னைக் கேக்கச் சொன்னது யாரு?"

அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. இதை இப்போதே தலைவரிடம் கொண்டுபோகிறேன், கோழிக்கு நஞ்சு கொடுத்து, அது சாகிறதா பிழைக்கிறதா என்று பார்த்து ஆள் யாரென்று கண்டுபிடிக்கட்டும், கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி என்று எழுந்தான்.

நாமருசு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரென்சி மாட்டிக்கொள்வான். அண்ணனும் தம்பியும் எதிரியாகிவிட்டால் அப்புறம் அவளை அனுப்பு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவள் அதை நினைக்கத்தான் செய்தாள். நினைக்கவில்லை என்று அவளே ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் நாபானியின் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். அதைவிட, எதிரே நிற்பவனின் வெளிறிய முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அது என்னோடது" என்றாள். "நான்தான் வச்சேன். புள்ளைக்காக வச்சேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

பாவுராவிடம் போனது, மானியில் சேர்ந்தது, குதிர், எலி, எண்ணெய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிற்று. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டே பேசினாள். பேசி முடித்து நிமிர்ந்தால், பசோங்கோ மண்ணில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டிருந்தான். நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்தான். போன உயிர் திரும்பி வந்தவன் மாதிரி நீளமாக மூச்சு விட்டான்.

"உன்னோடதா?" என்றான். "உன்னோடதுதானா? ஐயோ, நல்லவேளை."

பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அவன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் எண்ணெய் போட்ட விருந்து இருக்கும்போது வெறும் குச்சியை எந்தக் கறையான் தின்னும் என்று கேட்டான். அவனுக்குத் தலைக்கு வந்தது, யாண்டாவின் காலோடு போயிற்று.

ஆனால் அவளுடைய பயம் போகவில்லை. கறையான் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதானே. கேள்வி இன்னும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ரென்சி சாலையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்துவிட்டான், கறையான் என்ன சொல்லிற்று என்று.

"ரெண்டையும் தொடலண்ணே. அதுக்கு வேற ஜோலி இருந்திருக்கு."

"அப்ப வேற புத்துல கேக்கணும்" என்றான் ரென்சி. அது முறைதான். பசோங்கோ மறுக்கவில்லை. காலில்லாத யாண்டாவை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிளம்பு, அந்த ஆளைப் பார்க்கணும் என்றான் நாமருசுவிடம்.

மறைவிடத்துக்குப் புருஷன் ஒருவன் நேராக நடந்து வருவதைக் கண்டதும் பாவுராவுக்கு வழக்கத்தைவிட அதிகமாக வேர்த்தது. தலைவரிடம் இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, தான் வேர் பிடுங்க வந்ததாகவும் தனக்கும் எதற்கும் சம்பந்தமில்லை என்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினான். பசோங்கோ இலையைப் பிரித்து நீட்டினான்.

"கறையான் காலைத் தின்னுருச்சு. இனிமே இது வேலை செய்யுமா?"

பாவுரா பொம்மையைப் பார்த்தான், புருஷனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். சண்டைக்கு வரவில்லை என்று புரிந்ததும் குரல் திரும்பிவிட்டது.

"புள்ள குடுக்கறதுக்குக் காலா வேணும்?"

நாமருசுவுக்குக் காலையில் அழுகையோடு பாதியில் நின்ற சிரிப்பெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். பாவுரா வேர் அரைத்தான். எண்ணெயைப் பசோங்கோவே தன் விரலால் தொட்டு, அரிபட்ட இடத்தில் வலிக்குமோ என்பதுபோல மெதுவாகப் பூசினான்.

பிள்ளை பிறந்ததா என்றுதானே கேட்பீர்கள்? அதற்கு இரண்டாவது மழையில் பிறந்தது. பெண். அப்புறம் ஒரு பையன். யாண்டாவுக்கு நீல மணியும் கட்டியாயிற்று. கால் இல்லாததால் சுவரில் சாய்த்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. ரென்சி வம்சம் தழைத்துவிட்டது என்று இப்போது அதற்கும் சாலையில் நின்று பேசுகிறான். ஆனால் நாமருசு இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளை பிறந்ததோடு முடிப்பதில்லை. பாவுராவிடமிருந்து திரும்பி வந்த வழியோடு முடிப்பாள்.

ஓடையைத் தாண்டி அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். சிரிப்பு ஓய்ந்ததும் பழைய பாரம் மறுபடி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கேட்டுவிடுவோம், வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"வேற புத்துல எப்போ கேக்கப் போறீங்க? என்னை அனுப்பறதப் பத்தி."

அவன் நின்றான். ஆனால் திரும்பவில்லை.

"அண்ணன் கேக்கச் சொன்னத நான் கேக்கல."

"பின்ன என்ன கேட்டீங்க, அவ்வளவு நேரம்?"

"விறகுக்குப் போறேன்னு போவ. வர்றப்ப உன் மேல ஏதோ எண்ணெய் வாசம் அடிக்கும். நம்ம வீட்டு எண்ணெய் இல்ல. எவனையோ பாத்துட்ட, இவன்கிட்ட புள்ளைக்கு வழியில்லைன்னு போகப் போறன்னு நெனச்சேன். நாமருசு என்னை விட்டுட்டுப் போவாளான்னு கேட்டேன். போவான்னா தக்பாவத் தின்னு, இருப்பான்னா க்போயோவத் தின்னு. அதான். இன்னும் பதில் தெரியல. இன்னொரு புத்து பாக்கணும்."

ஒரு வருஷமாக அவன் தன்னை அனுப்பிவிடுவானோ என்று இவள் பயந்துகொண்டிருந்தாள். அதே ஒரு வருஷமாக, எதிரே கூடை முடைந்துகொண்டு, இவள் போய்விடுவாளோ என்று அவன் பயந்துகொண்டிருந்திருக்கிறான். அவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த சத்தம் கேட்டு அவன் திரும்பினான். எங்கள் ஆம்பளைகள் கறையானைக் கேட்பார்கள், கோழியைக் கேட்பார்கள். பெண்டாட்டியைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பசோங்கோ வந்து அவள் முன்னால் முட்டி போட்டான், புற்றின் முன்னால் போட்டதுபோலவே.

"நீயே சொல்லேன். போயிருவியா?"

"போகமாட்டேன்" என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டினான். அந்தக் கேள்வியை அதற்கப்புறம் அவன் எந்தப் புற்றுக்கும் கொண்டுபோகவில்லை.